ஷாமியானாக்காரர் கோத்த படம்

மைசூர் மண்டி மொஹல்லாவில் எந்தச் சந்தில் நின்று கேட்டாலும் சரி, ஸ்டானிஸ்லாஸ் ஷாமியானா என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் மறுபேச்சுப் பேசாமல் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுவார். அந்தப் பேரை ஸ்டானிஸ்லாஸ் சும்மா சம்பாதிக்கவில்லை. நாலாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தேவராஜா மார்க்கெட்டில் வாழைத்தார் சுமந்த ஆள் அவர். தோள் காய்த்துப்போன பிறகு ஆறு மூங்கிலும் இரண்டு தார்ப்பாயும் சேர்த்து முதல் பந்தலைக் கட்டினார். இன்றைக்கு இந்த ஊரில் கல்யாணமோ, சாவோ, ஓட்டுக் கேட்கிற கூட்டமோ, ஜனங்கள் தலைக்கு மேலே விரிந்திருப்பது பாதிக்குப் பாதி அவருடைய துணிதான். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய அண்டாவில் வெந்த சோற்றைச் சாப்பிட்டுப் போயிருக்கிறார்கள். இதை அவரே சொல்லுவார், நாலு பேர் இருந்தால் இரண்டு தடவை சொல்லுவார். உண்மையைச் சொல்லிக்கொள்ள என்ன வெட்கம்?

அப்படிப்பட்டவருக்கும் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. அந்த முள்ளுக்குப் பேர் கார்ல்.

கார்ல் அவருடைய மனைவி விக்டோரியாவின் அண்ணன். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாயைத் திறந்தால் இங்கிலீஷ் கொட்டும். ஸ்டானிஸ்லாஸ், விக்டோரியா கல்யாணத்தின் வெள்ளி விழாவில் கார்ல் மைக்கைப் பிடித்தார். அந்த மைக்கும் ஸ்டானிஸ்லாஸுடைய மைக்தான். அதைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் குடும்பம் கைதூக்கிவிட்ட பிள்ளை இவர்" என்று முழங்கினார். ஜனங்கள் கைதட்டிவிட்டார்கள். ஸ்டானிஸ்லாஸ் வாயில் அப்போதுதான் கேக்கைத் திணித்திருந்தார்கள், பதில் பேச முடியவில்லை. கேக்கை விழுங்கிவிட்டார், அந்தப் பேச்சை மட்டும் விழுங்க முடியவில்லை. உள்ளதைச் சொன்னால், நர்ஸாக வேலை பார்த்த விக்டோரியாவைத் தவிர அந்த வீட்டிலிருந்து ஒரு டம்ளர்கூட அவர் வீட்டுக்கு வந்ததில்லை.

இப்போது பொன்விழா வந்தது. கார்ல் வந்து சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"மாப்ளை, நீங்க ஒண்ணுக்கும் அலட்டிக்காதீங்க. படத்துக்கு நான் ஸ்டுடியோவுல சொல்லிடறேன்."

"என்ன படம் மச்சான்?"

"உங்க வாழ்க்கைதான். பழைய போட்டோ, வீடியோ எல்லாத்தையும் சேத்து, பின்னாடி மியூசிக் போட்டு, பெரிய ஸ்கிரீன்ல ஓட்டறது. இப்ப எல்லா ஜூபிலியிலயும் அதானே நடக்குது. வாய்ஸ் நானே குடுத்துடறேன்."

"என் வாழ்க்கைக்கு உங்க வாய்ஸா?"

"பின்னே யாரு குடுப்பா? கூட்டத்தப் பாத்தா உங்களுக்கு எத்தனை நாற்காலி போடணும்னுதானே தோணும்."

ஸ்டானிஸ்லாஸ் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "படத்தை நானே பண்றேன்."

கார்லுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "மாப்ளை, அது கம்பம் இல்ல, கம்ப்யூட்டர்!"

"கம்பத்தைவிடக் கனமா இருக்குமோ?"

"சரி, பண்ணுங்க. எதுக்கும் நான் ஒண்ணு ரெடியா வெச்சுக்கறேன். உங்க படம் ஓடலேன்னா என் படம் ஓடும். சம்மதமா?"

"சம்மதம்."

சமையல்கட்டிலிருந்து விக்டோரியா குரல் கொடுத்தாள். "ரெண்டு கெழவனும் மல்லுக்கட்டி, ஜூபிலிக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துக்காதீங்க. நான் ரிட்டயர் ஆயிட்டேன், ஊசி போட மாட்டேன்."

ஆக, விஷயம் இதுதான். ஸ்டானிஸ்லாஸ் படம் ஓடாவிட்டால், அவருடைய சொந்தப் பந்தலில், சொந்த மைக்கில், அவர் வாழ்க்கையை மறுபடியும் கார்ல் சொல்லுவார். இந்த வயதுக்குப் பிறகு அதைத் திருத்த இன்னொரு விழா வரப்போவதில்லை.

மகள் ஜூலி புதிது வாங்கிக்கொண்டு கழித்துப்போட்ட லேப்டாப் ஒன்று வீட்டில் இருந்தது. அதைத் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டார். வீட்டில் படம் கோக்கிறவர்களுக்கென்று இலவசமாகக் கிடைக்கிற ஒரு சாஃப்ட்வேரை ஜூலியே போட்டுக் கொடுத்தாள். மற்றதை யூடியூபில் ஒரு கன்னடக்காரப் பையன் பேசுகிற பாடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தே கற்றுக்கொண்டார். அந்தப் பையன் எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி பேசினான். "நிதானவாகி ஹேளோ மாராயா!" என்று, மெதுவாகச் சொல்லுடா அப்பா என்று, கன்னடத்திலேயே லேப்டாப்பைப் பார்த்து அவர் அதட்டுவது தெருவுக்கே கேட்கும். ஆனால் பிடித்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அந்த வயதில் மூடி வைத்துவிட்டு ஜெபமாலையை எடுத்திருப்பார்கள்.

முதல் வேலை இம்போர்ட். கப்பலில் வருகிற சாமானுக்குத்தான் அந்த வார்த்தை என்று அதுவரை நினைத்திருந்தார். இங்கே போட்டோவையும் வீடியோவையும் சாஃப்ட்வேருக்குள் இறக்குவதற்கும் அதே பேர்தானாம். சரி, இறக்குவதும் ஏற்றுவதும் நமக்குத் தெரியாத தொழிலா என்று கையைத் தேய்த்துக்கொண்டார்.

வாட்ஸப்பில் வாங்கிய போட்டோக்கள் பெரிதாக்கினால் தண்ணி ஊற்றிய மோர் மாதிரி நீர்த்துப்போயின. அதனால் மூன்று வீடுகளிலிருந்து அசலையே வாங்கினார். கார்லிடம் ஒரு பென்டிரைவ், விக்டோரியாவின் சின்ன வயதுப் படங்கள் அதில்தான் இருந்தன. ஜூலியிடம் ஒரு பென்டிரைவ், கல்யாணத்திலிருந்து பிள்ளைகள் வரைக்கும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருக்கிற ஜடையனிடம் ஒரு மெமரி கார்டு. ஜடையன் அவரிடம் வெகுகாலம் கம்பம் நட்டவன். ஹனூர்ப் பக்கத்து ஆள், இப்போது இளநீர் வியாபாரம். அந்தக் கார்டில் மார்க்கெட், மூங்கில் காலத்துப் படங்களோடு ஒரு வீடியோவும் இருந்தது. அதற்காகவே இந்தப் படத்தை எடுக்கலாம் என்பார் ஸ்டானிஸ்லாஸ்.

மூன்றையும் காலையிலேயே லேப்டாப்பில் சொருகினார். இம்போர்ட்டை அழுத்தினார். குட்டிக் குட்டிப் படங்களாகப் பெட்டிக்குள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்துக் கீழே இருக்கிற நீளப் பட்டையில் இழுத்து வைத்தார். முதலில் மார்க்கெட், பிறகு மூங்கில், பிறகு விக்டோரியா. சாயங்காலத்துக்குள் வாழ்க்கை முழுசும் வரிசையில் நின்றுவிட்டது.

உடனே ஸ்கூட்டரை எடுத்தார். வாங்கின பொருளை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அது அவர் கண்டிப்பு. திரும்பி வராத நாற்காலியின் எரிச்சல் வாடகைத் தொழிலில் இருப்பவனுக்குத்தானே தெரியும்? ஸ்ரீரங்கப்பட்டணம்வரை போய் ஜடையன் கையில் கார்டைக் கொடுத்தார். ஜூலிக்குக் கொடுத்தார். கடைசியில் கார்ல் வீடு.

"அதுக்குள்ள ஆயிடுச்சா?" என்று கார்ல் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"ஆயிடுச்சு. நம்ம வேலையெல்லாம் இப்படித்தான்."

கார்ல் பென்டிரைவை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது. அதை ஸ்டானிஸ்லாஸ் அப்போது பொருட்படுத்தவில்லை.

மறுநாள் காலையில் விக்டோரியாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சினிமா தியேட்டர்காரர் மாதிரி லேப்டாப்பைத் திறந்தார். ஓட்டினார்.

மார்க்கெட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புக் கட்டம். மூங்கில் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புக் கட்டம். விக்டோரியா இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புக் கட்டம், அதன் நடுவே ஒரு ஆச்சரியக்குறி.

"என்னங்க இது? எமர்ஜென்சி வார்டு லைட்டு மாதிரி எரியுது? இதுல நான் எங்க இருக்கேன்?"

ஸ்டானிஸ்லாஸ் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். நேற்றுப் பார்த்த ஒரு முகம்கூட இல்லை. ஜூலிக்குப் போன் போட்டார்.

"அப்பா, பென்டிரைவெல்லாம் எங்க?"

"நேத்தே திருப்பிக் குடுத்துட்டேனே. உன் கையில குடுத்தேனே, மறந்துட்டியா?"

"அய்யோ அப்பா! லேப்டாப்புல காப்பி பண்ணிட்டுல்ல இம்போர்ட் பண்ணணும்? இம்போர்ட் பண்ணா அது படத்தை உள்ள எடுத்துக்காது. படம் எங்க இருக்குன்னு எடத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கும். பென்டிரைவைப் பிடுங்கினா அதுக்குப் படமே கெடைக்காது."

வேறொருவராக இருந்தால் தலையில் கை வைத்திருப்பார்கள். ஸ்டானிஸ்லாஸுக்கு உடனே பொறி தட்டியது.

"அப்படிச் சொல்லு! நேத்து நான் பண்ணது புக்கிங் மட்டும்தான். சாமான் வண்டியில ஏறவே இல்ல. குடோன்லயே கெடக்குது. அவ்ளோதானே?"

"அவ்ளோதான்பா" என்றாள் ஜூலி. "ஆனா அன்னைக்கே திருப்பிக் குடுக்கணும்னு ஊர்ல யாருப்பா ஓடுவாங்க? ஒங்களைத் தவிர யாருக்கும் இந்தத் தப்பு வராது."

அதையும் ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார். தேவராஜ மொஹல்லாவில் ஜூலி வீட்டில் பென்டிரைவை வாங்கிக்கொண்டு, அப்படியே ஹைவேயில் ஏறி ஸ்ரீரங்கப்பட்டணம்.

ஜடையன் இளநீர் சீவிக்கொண்டிருந்தான். "ஏனுங்கண்ணா, நேத்துத்தானுங்களே கொண்டாந்து குடுத்தீங்க?"

"நேத்து விலாசம் வாங்கிட்டுப் போனேன்டா. இன்னைக்குச் சாமான் எடுக்க வந்திருக்கேன்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் போனைத் திறந்து கார்டை எடுத்துக் கொடுத்தான். "அந்தப் பந்தல் படமுங்களா? அத நானும் அப்பப்பப் போட்டுப் பாத்துக்குவனுங்க. கெம்பம்மா வையுவா, பொஞ்சாதி மூஞ்சியப் பாக்காம மொதலாளி மூஞ்சியப் பாக்கறயேன்னு. பத்தரமுங்கண்ணா."

அடுத்தது கார்ல். அந்த வாசற்படியைத்தான் மிதிக்க மனசு வரவில்லை. இருந்தாலும் மிதித்தார்.

"பென்டிரைவா?" கார்ல் குரலில் தேன் சொட்டியது. "ஒரு தடவைக்கு மேல யார்கிட்டயும் எதையும் கேக்காத ஆளாச்சே நீங்க?"

"இப்பக் கேக்கறேன் மச்சான்."

"ஸ்டுடியோவுக்குப் போயிடுச்சே! ஒரே நாள்ல திருப்பிக் குடுத்தீங்களா, சரி, மாப்ளை கைகழுவிட்டாருன்னு நெனச்சேன். நேத்தே கொண்டுபோய்க் குடுத்துட்டேன். அங்க போய்க் கேட்டுப் பாருங்க."

பார்த்தீர்களா? அவருடைய நாணயமே அவருக்கு எதிராகத் திரும்பி நின்றது. ஸ்டுடியோ நடத்துகிற பெண் பேர் வைஷாலி. ஸ்டானிஸ்லாஸ் உள்ளே நுழையும்போது ஸ்பீக்கரில் கார்ல் குரல் ஓடிக்கொண்டிருந்தது. "...ஒன்றுமில்லாமல் வந்த அந்த இளைஞன், எங்கள் குடும்பத்தின் நிழலில் வளர்ந்து..."

"நிறுத்தும்மா" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

வைஷாலி நிறுத்தினாள். "யார் நீங்க அங்கிள்?"

"அந்த இளைஞன்."

அவள் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நிழலை வாடகைக்கு விடறவன் நான்மா. மைசூர் பூரா என் நிழல்ல உக்காந்து சாப்பிடுது. எனக்கு இவரு நிழல் குடுத்தாராம்!"

வைஷாலி நாற்காலியில் சாய்ந்து சிரித்துவிட்டாள். "அங்கிள், அவரு ஆர்டர் குடுத்திருக்காரு, நான் பண்ணிக் குடுத்துத்தான் ஆகணும். ஆனா உங்க வீட்டு போட்டோ உங்களுக்கில்லாமலா? காப்பி எடுத்துக்கோங்க." அவர் கொண்டுபோன காலி பென்டிரைவில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வேலையில் இறங்கினார். இந்தத் தடவை முதலில் சாமானை லேப்டாப்புக்குள் ஏற்றினார். ஒரே ஃபோல்டர். ஜூலி படங்களை உள்ளே தள்ளினார். ஜடையன் கார்டைத் தள்ளினார். பிறகு கார்ல் படங்கள். நடுவே லேப்டாப் என்னமோ கேட்டது, பழையதை மாற்றிவிட்டு இதை வைக்கட்டுமா என்று. அவசரத்தில், வைத்துக்கொள் என்று ஒரு தட்டுத் தட்டினார். சாஃப்ட்வேரைத் திறந்து, தேடு என்றதும் சிவப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்து படங்கள் வந்தன.

"விக்டோரியா, வா வா!"

விக்டோரியா வந்தாள். மார்க்கெட் வந்தது, மூங்கில் வந்தது. பிறகு ஜூலியின் ஞானஸ்நானம். பாதிரியார் கையில் குழந்தை இருக்க வேண்டிய படம். அங்கே கார்ல் நின்றார், அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, சுற்றுலா பஸ்ஸுக்கு முன்னால், இடுப்பில் கை வைத்து.

விக்டோரியா வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்க அண்ணனுக்கு எப்பங்க ஞானஸ்நானம் குடுத்தாங்க?"

அடுத்தது அவர்கள் கல்யாணப் படம். கோயில் படியில் மாலையோடு ஜோடியாக நிற்க வேண்டிய இடத்தில் கார்லும் ஒரு யானையும். அதற்கப்புறம் விக்டோரியாவால் உட்கார முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஸ்டானிஸ்லாஸுக்குக் கோபம் தலைக்கேறியது. பந்தலுக்குள் நுழைந்தது போதாதென்று பெண்டாட்டி இடத்திலும் வந்து நிற்கிறாரே இந்த மனுஷன்!

ஆனால் சிரிப்பு அடங்கியபோது காரணமும் பிடிபட்டுவிட்டது. ஜூலி தன் படங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று பேர் வைத்திருந்தாள். கார்லும் வாத்தியார் புத்தியோடு ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு வீட்டுச் சாமானுக்கும் ஒரே அடையாளம், ஒரே குடோன். ஜூலியின் ஒன்றின்மேல் கார்லின் ஒன்று ஏறி உட்கார்ந்துவிட்டது.

"இதுக்கா இத்தனை கூத்து?" என்றார் ஸ்டானிஸ்லாஸ். "அண்டா குண்டானுக்குப் பேர் வெட்டாம எவனாவது பந்திக்கு அனுப்புவானா? பேர் வெட்டிட்டா எவன் வீட்டுச் சட்டியும் எவன் வீட்டுக்கும் போகாது."

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். மூன்று வீட்டுக்கும் மூன்று ஃபோல்டர். ஒவ்வொரு படத்துக்கும் வீட்டுப் பேர், ஆள் பேர். விக்டோரியா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "இது ஹாஸ்டல்ல நான், நர்ஸ் டிரஸ்ல" என்று சொல்லுவாள். அவர் ஒற்றை விரலால் தட்டுவார். "இதுவும் நான்தான், அப்ப ஒல்லியா இருந்தேன்" என்பாள். "அது எனக்குத் தெரியும்டி" என்பார். பிறகு மறுபடி இம்போர்ட். மறுபடி வரிசை. தன் குரலையும் போனில் பதிவுபண்ணி, அதற்கும் பேர் வெட்டி உள்ளே இறக்கினார்.

கட்டிமுடித்த பந்தலை ஒரு தடவை உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுவது அவர் வழக்கம். இதையும் உலுக்கினார். பென்டிரைவ், கார்டு எல்லாவற்றையும் பிடுங்கி மேசைமேல் வைத்தார். லேப்டாப்பை அணைத்தார், மறுபடி போட்டார். ஓட்டினார். ஒரு சிவப்புக் கட்டம் இல்லை. எக்ஸ்போர்ட் என்பதை அழுத்தியபோது பச்சைக்கோடு ஊர்ந்து ஊர்ந்து முடிவுக்குப் போய் முட்டியது. படம் ஆயிற்று.

விழா நாளன்று சாயங்காலம், கோயிலில் பூசை முடிந்து ஜனங்கள் எல்லோரும் பந்தலுக்கு வந்தார்கள். பந்தல் எப்படி இருந்தது என்று சொல்லவும் வேண்டுமா? அடுத்தவன் விழாவுக்கே அப்படிக் கட்டுகிறவர். வெளிச்சம் வராமல் சுற்றிலும் கறுப்புத்துணி, நடுவே பெரிய ஸ்கிரீன். கார்ல் கோட்டும் டையுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் ஸ்டுடியோ பென்டிரைவ் மேடு கட்டித் தெரிந்தது.

"ரெடியா மாப்ளை? இல்லேன்னா நான் இருக்கேன்" என்று பையைத் தட்டிக் காட்டினார்.

"உக்காருங்க மச்சான். நாற்காலி நம்மளுதுதான்."

படம் ஓடியது. ஸ்டானிஸ்லாஸ் குரல் நாலு மூலையிலும் எழுந்தது. அவர் பேசுகிற மாதிரியே, கரகரவென்று. மார்க்கெட்டைச் சொன்னது. மூங்கிலைச் சொன்னது. நர்ஸ் உடுப்பில் விக்டோரியா வந்து நின்றதும் ஜனங்கள் "ஓ" என்றார்கள், குரல் தொடர்ந்தது. "இந்தப் படத்த எடுத்தவரு கார்ல் மச்சான். இவளை எனக்குக் குடுக்க மாட்டேன்னு முதல்ல சொன்னவரும் அவருதான். அந்த வீட்டுல நான் கேட்டது இவளை மட்டும்தான். குடுத்தாங்க. வேற எதுவும் நான் கேக்கல, அவங்களும் குடுக்கல. மத்ததெல்லாம் இந்தத் தோளு."

பின்வரிசையில் யாரோ "சரியாச் சொன்னாரு!" என்று கத்த, பந்தல் முழுக்கக் கைதட்டல் புரண்டு வந்தது. கார்ல் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டார்.

அப்போது வந்தது ஜடையன் எடுத்த வீடியோ. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆற்றங்கரை ஓரமாக ஒரு கல்யாணம். தாலி கட்டுகிற நேரத்தில் காற்றும் மழையும் ஒன்றாக இறங்குகின்றன. பக்கத்துப் பந்தல் கிழிந்து பறக்கிறது. ஜனங்கள் அலறுகிறார்கள். படம் ஆடுகிறது. நடுக்கம்பத்தின் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குதிகாலைச் சேற்றில் ஊன்றி, மழைக்குள் ஒரு ஆள் நிற்கிறார். நரைத்த தலை. "விடாதே! பிடி! பிடிடா!" என்று அந்த ஆள் போடுகிற சத்தம் இடியைத் தாண்டிக் கேட்கிறது. துணி வயிறு மாதிரி ஊதி மேலே போகிறது, அந்த ஆளை ஒரு முழம் தூக்குகிறது, மறுபடி இறங்குகிறது. நாதஸ்வரக்காரர் நிறுத்தவே இல்லை. தாலி ஏறுகிறது. பந்தல் நிற்கிறது.

இங்கே உட்கார்ந்திருந்த ஜனங்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். விசில் பறந்தது. வாசல் பக்கம் நின்ற ஜடையன், "நான் எடுத்ததுங்க! நான் எடுத்ததுங்க!" என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

விளக்கு வந்தது. கார்ல் எழுந்து நேராக மைக்குக்குப் போனார். ஸ்டானிஸ்லாஸ் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். விக்டோரியா அவர் கையைப் பிடித்தாள், அவர் எழுந்து போய்ப் பிடுங்கிவிடப்போகிறாரோ என்று.

கார்ல் தொண்டையைச் செருமினார். கை சட்டைப்பைக்குப் போயிற்று. பென்டிரைவைத் தடவியது, அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு வெறுங்கையாக வெளியே வந்தது.

"பேச ஒண்ணும் இல்ல" என்றார். "மாப்ளை, அந்த மழையில நீங்க மேல போனீங்களே, அப்ப கண்ணாடியத் தொடச்சிட்டிருந்தேன், சரியாப் பாக்கல. அதை மட்டும் இன்னொருவாட்டி போடுங்க."

ஸ்டானிஸ்லாஸ் அவசரப்படவில்லை. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு எழுந்தார். ஜனங்கள் விலகி வழிவிட, லேப்டாப்புக்குப் போய் அந்த இடத்தை ஒரே தட்டில் பிடித்தார்.

"விளக்கை அணைங்க!" என்றார்.

"பிரியாணி ஆறுதுங்க!" என்றாள் விக்டோரியா.

"ஆறட்டும். மச்சான் கேக்கறாரு."

பந்தல் மறுபடி இருட்டானது. திரையில் மழை இறங்கியது. கார்ல் மைக்கைவிட்டு நகராமல், நின்றபடியே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். துணி ஊதி மேலே எழும்பி அந்த ஆளைத் தூக்கியபோது, "பிடிங்க மாப்ளை, பிடிங்க!" என்று கார்ல் கத்தியது மைக்கில் விழுந்து மண்டி மொஹல்லா முழுக்கக் கேட்டது.